துணிச் சலவையும் வைரஸ்களும்

நோயாளியின் துணியில் படிந்த வைரஸ் வீட்டுச் சலவையில் எவ்வளவு நீங்கும் என்பது, அந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை உண்டா இல்லையா என்பதைப் பெரிதும் பொறுத்தது. இன்ஃப்ளுயன்சா, கொரோனா வைரஸ்களின் உறையைச் சோப்பும் சலவைத்தூளும் சிதைத்துவிடும். உறை சிதைந்தால் வைரஸ் செயலிழக்கும். போலியோ, ரோட்டா, நோரோ, அடினோ, ஹெபடைடிஸ் ஏ வைரஸ்களுக்கு உறை இல்லை. சோப்பு இவற்றைத் துணியிலிருந்து பெயர்த்து நீரில் விடுமே தவிர, எளிதில் அழிக்காது. இவை பெரும்பாலும் மலத்தின் வழியே பரவுபவை. ஆகவே குழந்தையின் இடுப்புத்துணியும் நோயாளியின் உள்ளாடையும்தான் கவலைக்குரியவை.

இத்துறையின் முன்னோடி ஆய்வுகள் 1960களில் அமெரிக்காவில் நடந்தன. டிக்சன், சிட்வெல் முதலிய ஆய்வாளர்கள் போலியோ வைரஸைத் துணிகளில் ஏற்றி, அது எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கிறது என்று கணக்கிட்டனர். காற்றின் ஈரப்பதம் 35 விழுக்காடாக இருந்தபோது அது பருத்தியில் 1 முதல் 4 வாரமும் கம்பளியில் 20 வாரமும் தாக்குப்பிடித்தது. பழைய கம்பளிப் போர்வையை எளிதாக எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1971இல் இதே ஆய்வு வரிசையில் சலவையும் சோதிக்கப்பட்டது. குளிர்ந்த நீரைவிட வெந்நீரே சிறந்தது என்று தெரிந்தது.

2007இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் கெர்பா, கென்னடி இருவரும் அமெரிக்க வீடுகளில் வழக்கமான முறையிலேயே துவைத்துப் பார்த்தனர். சலவைத்தூள் மட்டும் இட்டபோது அடினோ, ரோட்டா, ஹெபடைடிஸ் ஏ வைரஸ்கள் 92 முதல் 99 விழுக்காடு குறைந்தன. கேட்க நிறைவாக இருக்கும் இந்த எண் போதாது. ரோட்டா நோயாளியின் ஒரு கிராம் மலத்தில் 1,000 கோடிக்கும் மேற்பட்ட வைரஸ்கள் இருக்கலாம். அதில் ஒரு விழுக்காடு எஞ்சினாலும் 10 கோடி. நோய் தொற்ற நூறுக்கும் குறைவானவை போதும். மேலும், கூடவே துவைத்த சுத்தமான துணிகளுக்கும் வைரஸ் பரவியது. சோடியம் ஹைப்போகுளோரைட் ப்ளீச் சேர்த்துத் துவைத்து உலர்த்தியபோது குறைவு 99.99 விழுக்காட்டை எட்டியது.

வெப்பத்தைப் பொறுத்தவரை, பிரிட்டன் மருத்துவமனைச் சலவையில் 65 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம் என்பது விதி. நம் சலவைத் தொழிலாளர்களின் வெள்ளாவியில் துணி நீராவியிலேயே வேகும். ஆனால் இன்றைய சலவை இயந்திரங்களில் குளிர்ந்த நீர்ச் சலவையே பரவலாகிவருகிறது; அதில் இந்த வெப்பம் கிடைக்காது.

வயிற்றுப்போக்கு உள்ளவரின் துணியைத் தனியே, வெந்நீரில் துவைக்க வேண்டும். வெள்ளைப் பருத்தியானால் ப்ளீச் சேர்க்கலாம். ப்ளீச்சுடன் கழிவறை கழுவும் அமிலத்தை ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும்.