மலைநாட்டு இருப்புப்பாதையும் அதன் சரக்கும்

பலகையின்மீது இருப்புப்பாதை அமைத்து, ஊருக்கு ஊர் சரக்கேற்றிப் பொருளீட்டும் விளையாட்டுகள் மேலைநாடுகளிலே பல உண்டு. மார்ட்டின் வாலஸ் என்னும் ஆங்கிலேயர் வகுத்து, 2002 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஏஜ் ஒவ் ஸ்டீம்’, அதாவது ‘நீராவி யுகம்’, அவற்றுள் பெயர்பெற்ற ஒன்று. ஆடுவோர் முதலில் பங்கு விற்றுப் பணம் திரட்டுவர். அப்பணத்திற்காக முறைதோறும் வட்டிபோல் ஒரு தொகை இறுத்தல் வேண்டும். சமநிலத்திற் பாதையிடச் செலவு குறைவு. ஆற்றோரத்திற் சற்று மிகுதி. மலையில் அதனினும் மிகுதி. நகரங்களிலே பல நிறக் கட்டைகளாகச் சரக்கு குவிந்திருக்கும். எச்சரக்கை எவ்வழியாற் கொண்டுசென்றால் வருவாய் பெருகும் என்று கணிப்பதே ஆட்டத்தின் சூட்சுமம். சரக்கில்லாத திசையிற் பாதையிட்டவன் கடனில் மூழ்குவான்.

நேயர்களே, இவ்வாட்டம் நம் மலைநாட்டவர்க்குப் புதிதன்று. 1858 ஆம் ஆண்டு தொடங்கி 1924 ஆம் ஆண்டுவரை, கொழும்புத் துறைமுகத்திற்கும் பதுளைக்கும் இடையே மெய்யான மலைகளின்மீது, மெய்யான பணத்தைக் கொண்டு ஆடப்பட்ட ஆட்டம் இது. பணம் யாருடையது, பாதை எவ்வழி, சரக்கு யாது என்னும் மூன்று வினாக்களே பலகையிலும் எழுவன, மலையிலும் எழுந்தன. ஆயினும் பலகை கேளாத நான்காம் வினா ஒன்று நம் சரித்திரத்தில் உண்டு. அதனை இறுதியிற் காண்போம்.

முதலாவது, பணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் செல்வம் கோப்பி. கண்டிச் சீமையின் காடுகளை அழித்து ஆங்கிலத் துரைமார் பயிரிட்ட கோப்பி, மாட்டுவண்டிகளில் ஏற்றப்பட்டுக் கண்டி வீதி வழியே பல நாள் நடந்து கொழும்பை அடைந்தது. மழையில் வண்டி புதையும், மாடு மடியும், கூலி ஏறும். ஆகவே 1845 ஆம் ஆண்டிலேயே இலங்கைப் புகையிரதக் கம்பனி என ஒன்று இலண்டனில் தோன்றியது. 1854 ஆம் ஆண்டில் கண்டியிலே துரைமார் தமக்கெனச் சங்கம் கண்டபோது, இருப்புப்பாதை வேண்டும் என்பது அதன் தலையாய கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. கோப்பி ஏற்றுமதியின்மீது தீர்வை விதித்து, அதனைப் பாதைக்கு ஈடாக வைக்கவும் அவர்கள் இசைந்தனர்.

1858 ஆவணி 3 ஆம் நாள் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டித் தொடக்கிவைத்தார். ஆனாற் கணக்கு பிழைத்தது. கப்டன் மூர்சம் என்னும் பொறியியலாளர் கொழும்பிலிருந்து கண்டிவரை ஏறத்தாழ எட்டரை இலட்சம் பவுண் போதுமென மதிப்பிட்டிருந்தார். பின்வந்த மதிப்பீடோ இருபது இலட்சம் பவுணையும் தாண்டிற்று. கம்பனி கலைந்தது, 1861 இல் அரசாங்கமே பொறுப்பை ஏற்றது. அதன் பின்னர், இந்தியாவின் முதற் பயணிகள் பாதையாகிய பம்பாய் – தானாப் பாதையின் ஒப்பந்தக்காரருள் ஒருவரான வில்லியம் ஃபவியல் இவ்வேலையை ஏற்றார். கில்ஃபோர்ட் மோல்ஸ்வேர்த் தலைமைப் பொறியியலாளராயினார். 1864 மார்கழி 27 ஆம் நாள் முதற் புகைவண்டி கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடிற்று. 1867 இல் அது கண்டியை எட்டியது.

இரண்டாவது, வழி. மலையை ஏறும் இருப்புப்பாதை தண்ணீரைப்போல் இலேசான வழியைத் தேடும். றம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழ 12 மைலில் 1,400 அடி ஏறவேண்டியிருந்தது. 45 அடி தூரம் சென்றால் ஓரடி உயரம் என்பது அங்கே கணக்கு. பேராதனையிற் பிரிந்த கிளை 1874 இல் நாவலப்பிட்டியை அடைந்தது. அதற்கப்பால் ஏற்றம் 44 அடிக்கு ஓரடியாயிற்று. நாவலப்பிட்டிக்கும் ஹட்டனுக்கும் இடையே இருபது மைல் அளவில் 2,000 அடிக்கு மேல் ஏறவேண்டும். ஹட்டனைத் தாண்டினாற் சிங்கமலைச் சுரங்கம் அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீண்டு குறுக்கிடுகிறது. பட்டிப்பொலையை அடைகையில் பாதை 6,200 அடி உயரத்தில் நிற்கிறது. ஐந்தரை அடி அகலமுள்ள பெரும்பாதையொன்று இவ்வுயரத்திற்கு ஏறுவது உலகிலேயே அருமை.

இத்துணைச் செலவும் சிரமமும் ஏன்? வழியை வகுத்தது மலையன்று, சரக்கே. ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, நானுஓயா என நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். அவை பெரிதும் டிக்கோயா, டிம்புளைத் தோட்டங்களின் சரக்கு வந்து இறங்கும் வாயில்களே. இன்று பட்டணங்களாக விளங்கும் சில ஊர்கள் நிலையத்தைச் சுற்றியே வளர்ந்தன. நிலையமோ தோட்டத்தைப் பார்த்தே அமைந்தது.

மூன்றாவது, சரக்கு. இங்கேதான் ஆட்டம் தலைகீழாயிற்று. கண்டிக்குப் பாதை வந்து இரண்டே ஆண்டில், 1869 இல், கோப்பி இலையில் செம்மஞ்சள் நிறத் துரு படிவதை மடுல்சீமைப் பகுதியிற் கண்டனர். ஹெமிலியா என்னும் அப்பூஞ்சணத்தின் வன்மையை முதலில் எவரும் உணரவில்லை. 1870 இல் ஏற்றுமதி பத்து இலட்சம் அந்தரைத் தாண்டியிருந்தது. பின்னர் விளைவு குறைந்தபோதும் விலை ஏறியதால் நட்டம் மறைந்து கிடந்தது. 1880 களில் மறைப்பு நீங்கியது. தோட்டங்கள் ஏலத்திற்கு வந்தன. துரைமார் பலர் நாட்டைவிட்டே போயினர். பாதை நாவலப்பிட்டியிற் பத்தாண்டு நின்றுவிட்டது. எந்தச் சரக்குக்காகப் பாதை அமைந்ததோ அந்தச் சரக்கே அழிந்துகொண்டிருந்தது. பலகை விளையாட்டாயின் அத்துடன் ஒருவன் தோற்று எழுந்திருப்பான்.

மலைநாட்டைக் காத்தது தேயிலை. பாதை கண்டியை அடைந்த அதே 1867 இல், லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1873 இல் இலண்டனுக்குச் சென்றது வெறும் 23 இறாத்தல். 1890 அளவில் அது நாலரைக் கோடி இறாத்தலாயிற்று. 1884 இல் ஹட்டனுக்கும் 1885 இல் நானுஓயாவுக்கும் வந்த புகைவண்டி, கோப்பிக்கெனக் கேட்கப்பட்டுத் தேயிலைக்கென ஓடிய வண்டியாகும். ஈயத்தாள் பரப்பிய பெட்டிகளில் தேயிலை இறங்கியது. அரிசியும், உரமும், இயந்திரங்களும் ஏறின. எட்டாண்டு நானுஓயாவில் நின்ற பாதை 1893 இல் அப்புத்தளைக்கும், அடுத்த ஆண்டில் பண்டாரவளைக்கும் சென்றது. பதுளையை அடைய 1924 ஆயிற்று.

சரக்கு நின்றாற் பாதையும் நில்லாது என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்றுண்டு. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை இரண்டரை அடிக் குறும்பாதை ஒன்று 1903, 1904 ஆம் ஆண்டுகளில் அமைந்தது. உடப்புசல்லாவைத் தோட்டங்களின் தேயிலையே அதன் உயிர். மோட்டார் வண்டியும் லொறியும் வந்து அவ்வேலையைப் பறித்ததும், 1940 களில் அப்பாதை மூடப்பட்டது. சற்றேறக்குறைய 19 மைல் இருப்புப்பாதை நாற்பது ஆண்டு வாழ்ந்து மறைந்தது. பெரும்பாதை பிழைத்தமைக்குக் காரணம், அது சரக்கோடு சனங்களையும் ஏற்றப் பழகிவிட்டதே.

இனி நான்காம் வினா. பலகையிற் பணத்தை வைத்தவுடன் பாதை தானே அமைந்துவிடும். வெட்டுவோர், சுமப்போர், பறிப்போர் என எவர்க்கும் அங்கே ஒரு காய் இல்லை. மலையில் அவ்வாறன்று. கடுகண்ணாவைச் சரிவிலும் அதற்கு மேலும் பாறையைப் பிளந்தோரிற் பெருந்தொகையினர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர். பாதைவழி ஏறிச்சென்ற அரிசியும் அவர்தம் இனத்தாரின் லயங்களுக்கே சென்றது. இறங்கிவந்த தேயிலையும் அவர்கள் பறித்ததே. அவர்கள் இல்லாவிடில் அவ்வண்டிகளுக்கு ஏறுகின்ற சுமையும் இல்லை, இறங்குகின்ற சுமையும் இல்லை.

அவர்களையும் அக்காலத்தார் எவ்வாறு கணித்தனர் என்பதற்கு ஒரு செய்தி போதும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘டின் டிக்கற்’ முறை என ஒன்று நடைமுறைக்கு வந்தது. கடல் கடந்து வரும் தொழிலாளிக்குத் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரவில்லை ஒன்று கொடுக்கப்படும். அவ்வில்லையைக் கண்டு புகையிரதத்தார் அவரை உரிய நிலையத்திற் சேர்ப்பர். கட்டணம் தோட்டத்தின் கணக்கிற் பதியப்படும். தேயிலைப் பெட்டியிலே தோட்டத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. மனிதர் கையிலே தோட்டத்தின் இலக்கம் தரப்பட்டது. 1914 இல் பாம்பன் பாலமும் தலைமன்னார்ப் பாதையும் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பலைத் தவிர, வழிமுழுதும் இருப்புப்பாதையாயிற்று.

அப்பாதை ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964 ஐப்பசி 30 ஆம் நாள் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும் என்றது. சரக்கைப் பங்கிடுவதுபோல் தொகையாகவே பேசினர். பின்வந்த ஆண்டுகளில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். மலைநாட்டு நிலையங்களிலே வழியனுப்ப வந்தோரும் வண்டியிலிருந்தோரும் கதறிய கதறலால் அவ்வண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ எனப் பெயர் வந்தது. பாட்டன் வெட்டிய பாதையிலே பேரன் வெளியேற்றப்பட்டான். 1984 இல் தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் நின்றதோடு அப்பயணமும் நின்றது. நாடற்றோராய் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேதான் வந்தது.

இருப்புப்பாதையின் புகழை நாம் மறுக்கவேண்டுவதில்லை. மோல்ஸ்வேர்த்தின் கணிதமும் ஃபவியலின் துணிவும் மெய்யானவை. பட்டிப்பொலையின் உயரமும், 1921 இல் முடிந்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலமும் உலகம் வியக்கத்தக்கன. எனினும், பணத்தையும் வழியையும் சரக்கையும் மட்டும் எழுதி ஆட்களை எழுதாது விடின், நம் சரித்திரமும் பலகை விளையாட்டாகவே முடியும். தேசாதிபதியின் பெயரும் பொறியியலாளரின் பெயரும் ஏட்டில் உண்டு. பாறை பிளந்தவனின் பெயர் பேரப்பிள்ளையின் நினைவிலன்றி வேறெங்கும் இல்லை. அந்நினைவும் தலைமுறைக்குத் தலைமுறை தேய்கிறது.

ஆகவே தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். உங்கள் லயத்தில் வாழும் முதியோரை அணுகுங்கள். தண்டவாளத்திற் கைக்காசுக்கு உழைத்த முன்னோர் எவர், தகரவில்லையோடு வந்தவர் எவர், ஒப்பாரிக் கோச்சியில் ஏறிப் போன உறவினர் எவர் என்று கேளுங்கள். பெயரையும், ஊரையும், ஏறிய நிலையத்தையும், தெரிந்தால் ஆண்டையும் ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். அரசாங்க ஏடுகளில் இல்லாத பக்கத்தை அவர்கள் உயிரோடிருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.