பதினான்கு மைல்

ஐம்பத்து நான்கு வயதான ஒரு மனிதன் தெருவில் ஓடினால், பார்க்கிறவர்களுக்கு இரண்டு காரணங்கள்தான் தோன்றும். ஒன்று, அவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான். அல்லது கடன்காரனிடமிருந்து தப்பி ஓடுகிறான். சென்ற மாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்ன சார், வீட்டிலே யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கவலையோடு கேட்டார்.

"அதெல்லாம் இல்லை. சரித்திர ஆராய்ச்சி!" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவருக்குச் சொல்லாத விளக்கத்தை வாசகர்களுக்காவது சொல்லிவிட வேண்டியதுதான்.

என்னோடு ஓடி வந்தவன், எனக்கு மிகவும் வேண்டிய நெசவாளர் ஒருவரின் பேரன். பெரியவர் என்னைத் 'தம்பி' என்று அழைப்பார். ஆகையால் பையன் என்னைச் 'சின்னத் தாத்தா' என்கிறான். தாத்தாவின் குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கோர்வைப் புடவைக்குக் கரை நாடாவைத் தள்ளிக்கொண்டு வளர்ந்த பையன். இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். ஷிப்டு முடிந்தால் ஓடுகிறான். எதற்கு ஓடுகிறான் என்று கேட்டேன். "தாத்தா பாவோடின கால் எனக்கு வந்திருக்கு" என்றான். அந்தக் காலத்தில் பாவு நீட்டுவதற்கு நூலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருப்பார்கள். அதற்குப் 'பாவோடுதல்' என்றே பெயர். ஊரைவிட்டு நகராமலே காத தூரம் நடந்த கால்கள் அவை.

அவன் கிராமச் சாலைகளைக் கூட்டிச் சேர்த்து, காஞ்சியிலிருந்து புள்ளலூரைத் தொட்டுச் செல்லும்படி 21 கிலோமீட்டருக்கு ஒரு வழி வகுத்திருந்தான். அரை மாரத்தான் என்பது அந்தத் தூரந்தான். மைல் கணக்கில் பதின்மூன்றும் சொச்சமும். நான் செய்திருந்த பயிற்சியோ, ஆறு வாரம் மெரினா கடற்கரையில் காலை ஓட்டம். அதிகபட்சம் 8 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓடினால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியாது, என் முழங்காலுக்கும் தெரியாது.

புள்ளலூர் என்ற பெயரைக் கேட்டதும் 'சிவகாமியின் சபதம்' படித்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். புள்ளலூரில் தன் முக்கியமான பகைவர்களை மகேந்திர பல்லவன் அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. பகைவர் யார் என்று அது சொல்லவில்லை. இரண்டாம் புலிகேசிதான் என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். கி.பி. 634-ல் வெட்டிய ஐஹொளெ கல்வெட்டோ, புலிகேசியின் சேனை கிளப்பிய புழுதியில் பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்தான் என்கிறது. இரண்டு தரப்பும் ஜயித்ததாகச் சொல்லிக்கொள்ளும் யுத்தங்கள் சரித்திரத்தில் ஏராளம்!

ஆனால் நான் ஓடியது மகேந்திரனுக்காக அல்ல. அவனுக்குச் சுமார் 1150 வருஷங்களுக்குப் பிறகு அதே புள்ளலூரில் நடந்த இன்னொரு யுத்தத்திற்காக. அங்கே ஜயித்தது யார் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

1780-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஹைதர் அலி பெரும் படையுடன் கணவாய்களைக் கடந்து கர்நாடகச் சமவெளியில் இறங்கினார். ஆங்கிலக் கம்பெனியின் படை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஸர் ஹெக்டர் மன்றோ, சுமார் 5,000 பேருடன் ஆகஸ்டு கடைசியில் காஞ்சிபுரத்துக்கு வந்து சேர்ந்தார். கர்னல் பெய்லி என்பவர் 2,800 பேருடன் வடக்கே குண்டூர்ப் பக்கமிருந்து அவரோடு சேர வந்துகொண்டிருந்தார். ஆகஸ்டு 25-ல் பெய்லி கொற்றலையாற்றின் வடகரைக்கு வந்தார். அன்றே கடந்திருக்கலாம். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று இருந்துவிட்டார். இரவில் வெள்ளம் வந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில்தான் அக்கரை சேர முடிந்தது. ஒரு ராத்திரிச் சோம்பலுக்கு ஒன்பது நாள் அபராதம்!

செப்டம்பர் 6-ல் பெரம்பாக்கத்தில் திப்பு சுல்தான் அவரைத் தாக்கினார். பெய்லி சமாளித்துக்கொண்டார். ஆனால் மேலே நகரத் தம்மால் முடியாது என்று மன்றோவுக்குச் சொல்லி அனுப்பினார். இருவருக்கும் இடையில் இருந்த தூரம் சுமார் பதினான்கு மைல்.

இந்தப் பதினான்கு மைலில்தான் என் மனம் சிக்கிக்கொண்டது. நடுவே ஹைதரின் படை கிடந்தது. அதற்குள் புகுந்து ஓலை கொண்டு ஓடியவர்கள் ஹர்க்காராக்கள். ஒற்றர் வேலையும் அவர்களுடையதுதான், அஞ்சல் வேலையும் அவர்களுடையதுதான். பெய்லியின் பெயர் இருக்கிறது. மன்றோவின் பெயர் இருக்கிறது. இரவில் வரப்பு வழியே, ஏரிக்கரை வழியே ஓடிய அந்தக் கால்களுக்குச் சொந்தக்காரர்களின் பெயரை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

மாரத்தான் என்றதும் எல்லோரும் கிரேக்க தேசத்து ஓட்டக்காரனை நினைக்கிறார்கள். வெற்றிச் செய்தி சொல்லிவிட்டு விழுந்து செத்தான் என்பது பிற்காலத்துக் கதை. ஹெரடோட்டஸ் சொல்லும் பழைய வரலாறு வேறு. பீடிப்பிடிஸ் என்பவன் யுத்தத்துக்கு முன்னால், ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்குச் சுமார் 240 கிலோமீட்டர் ஓடினான். எதற்கு? உதவி கேட்க. ஸ்பார்ட்டாக்காரர்கள், "பௌர்ணமி வரட்டும், புறப்படுகிறோம்" என்றார்கள். அவர்கள் வந்து சேர்ந்தபோது யுத்தம் முடிந்திருந்தது. கிடந்த பிணங்களைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பினார்கள். ஆக, மூலக் கதை ஓடியவனுடைய வேகத்தைப் பற்றியது மட்டுமல்ல. கேட்டவர்களுடைய தாமதத்தைப் பற்றியது.

மன்றோவும் தாம் போகவில்லை. காஞ்சியில் இருந்த உணவுப் பொருள்களை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனமில்லை. கர்னல் பிளெட்சர் என்பவரோடு ஆயிரம் பேரை மட்டும் அனுப்பினார். வழிகாட்டிகள் ஹைதரிடம் காசு வாங்கியிருக்கலாம் என்று பிளெட்சருக்குச் சந்தேகம். அவர்கள் காட்டிய வழியை விட்டு வேறு வழியில் இரவோடு இரவாகச் சுற்றிப்போய், 9-ஆம் தேதி காலையில் பெய்லியை அடைந்தார். காத்துக் கிடந்த ஹைதரின் ஆட்கள் ஏமாந்தார்கள்.

அன்று இரவே பெய்லி காஞ்சியை நோக்கிப் புறப்பட்டார். சில மைல் வந்ததும், பொழுது விடியட்டும் என்று படையை நிறுத்திவிட்டார். நிற்க வேண்டாம் என்று உடன் இருந்தவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. மறுநாள் 1780 செப்டம்பர் 10. விடிந்து நகர்ந்த படையைப் புள்ளலூர் அருகே ஹைதரும் திப்புவும் சூழ்ந்துகொண்டார்கள். மைசூர் ராக்கெட்டுகள் பாய்ந்தன. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சரணடைந்தார். ஸ்ரீரங்கபட்டணத்துச் சிறையில் 1782-ல் இறந்தார். அங்கே தரியா தௌலத் மாளிகைச் சுவரில், பல்லக்கில் பெய்லி உட்கார்ந்திருக்கும் அந்த யுத்தக் காட்சியை இன்றும் பார்க்கலாம்.

இதையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து படித்தபோது, 'அந்த முட்டாள் மனிதர் ராத்திரி ஏன் நின்றார்?' என்று எனக்குக் கோபம் வந்ததுண்டு.

ஓடின அன்று கோபம் தணிந்தது. நெடுஞ்சாலையைக் கடந்து வயல்களுக்குள் புகுந்ததும் நன்றாகத்தான் இருந்தது. பத்தாவது கிலோமீட்டரில் பேச்சு நின்றது. பதினான்காவதில் தொடை கல்லாயிற்று. புள்ளலூர் எல்லையில் ஒரு மதகுக் கட்டையைக் கண்டதும், அது சிம்மாசனமாகத் தோன்றிற்று. "ஐந்தே நிமிஷம்" என்றேன்.

"உட்காராதீங்க, சின்னத் தாத்தா. உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டீங்க. நடங்க, போதும்" என்றான் பையன்.

பெய்லியிடமும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். சுமை தூக்கி, சண்டை போட்டு, மழைச் சேற்றில் நாட்கணக்காக நடந்தவனுடைய காலுக்கு, ஓர் இரவு என்பது எவ்வளவு பெரிய ஆசை! நான் அவரை மன்னித்துவிட்டேன். ஓடிக் களைத்து நின்றவனை மன்னிக்கலாம்.

ஆனால் பதினான்கு மைலுக்கு அப்பால், களைக்காத காலோடு இருந்தவரை எப்படி மன்னிப்பது? பக்ஸார் யுத்தத்தை 1764-ல் ஜயித்த வீரர் மன்றோ. 10-ஆம் தேதி துப்பாக்கிச் சத்தம் கேட்ட பிறகு கிளம்பினார். நடுவழியில், காயத்தோடு தப்பி வந்த ஒரு சிப்பாய் எல்லாம் முடிந்துவிட்டது என்று சொன்னான். காஞ்சிக்குத் திரும்பி, பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்குப் பின்வாங்கினார்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மன்றோவைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. போன வருஷம் ஐப்பசியில் இந்தப் பையன் டெலிபோன் செய்தான். "தாத்தா உங்களைப் பார்க்கணும்னு சொல்றாரு" என்றான். சென்னையிலிருந்து காஞ்சிக்கு இரண்டு மணி நேரப் பிரயாணம். "அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லு" என்றேன். ஒரு தொடர்கதை அத்தியாயம் பாக்கி இருந்தது, பிறகு மழை, பிறகு ஒரு கல்யாணம். நான்காவது வாரம் போனேன். தறிக்குழியின்மேல் பலகை போட்டு மூடியிருந்தது. பெரியவர் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தன்றுதான் பையன் ஓடுகிறான் என்று தெரிந்தது. "நானும் வருகிறேன்" என்றேன். இந்தத் தடவை சொன்னபடி வந்தேன்.

புள்ளலூரில் இரண்டு கல் ஸ்தூபிகள் நிற்கின்றன. அடுத்த வருஷம், 1781 ஆகஸ்டு 27-ல், அதே இடத்தில் ஹைதரோடு நடந்த மறு யுத்தத்தில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பியவை. ஹர்க்காராக்களுக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது. மிச்சத் தூரத்தைப் பாதி நடந்தும் பாதி ஓடியும் தீர்த்தேன். மூன்று மணி பத்து நிமிஷம் ஆயிற்று. பையன் ஒன்றே முக்கால் மணியில் முடிக்கக் கூடியவன். என்னோடு கூடவே வந்தான்.

முடிந்த இடத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்தபின், இத்தனை மாதம் கேட்கப் பயந்ததைக் கேட்டேன்:

"தாத்தா என்னை எதற்கு வரச் சொன்னார்?"

"பெரிசா ஒண்ணுமில்லே. தறியிலே கடைசிப் புடவை இருந்துச்சு. அறுக்கறதுக்கு முன்னாலே உங்ககிட்டே காட்டணும்னு சொல்லிக்கிட்டிருந்தாரு."

"அந்தப் புடவை?"

"சொசைட்டிக்குப் போயிடுச்சு. இந்நேரம் யாரோ கட்டிக்கிட்டிருப்பாங்க."

டீ ஆறிப்போயிருந்தது. காஞ்சிக்குத் திரும்பும் பஸ் வந்து நின்றது. நான் எழுந்திருக்க முயன்றேன், கால் வரவில்லை. பையன் கை கொடுத்தான்.