திருச்சபைத் தீர்ப்பு மட்டும் போதுமா? கத்தோலிக்கத் திருமண வழக்குகளில் சான்றும் நடைமுறையும்

மணமுறிவு வேறு, திருமணம் தொடக்கம் முதலே செல்லாதது என்னும் அறிவிப்பு வேறு. மறைமாவட்டத் திருமண நடுவர் மன்றங்கள் அளிப்பது இரண்டாவதையே.

ஐயம் எழுந்தால் திருமணம் செல்லும் என்றே கருத வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1060-ஆவது பிரிவு. எனவே நிரூபிக்கும் பொறுப்பு மனுதாரருடையது. பின்னாளில் எழுந்த மனக்கசப்பு போதாது; சம்மதம் தெரிவித்த நாளிலேயே குறை இருந்ததா என்பதே கேள்வி. அதனால்தான் அக்காலத்தில் தம்பதியரை அறிந்திருந்த பெற்றோர், நண்பர்களின் சாட்சியமும் அப்போதைய கடிதங்களும் மருத்துவ ஆவணங்களும் பெரிதும் மதிக்கப்படுகின்றன. தம்பதியரின் வாக்குமூலம், அவர்களது நம்பகத்தன்மைக்குப் பிறர் சான்றளித்தால், முழுச் சான்றாகவும் ஏற்கப்படலாம். மனநலக் குறைபாடு காரணமாகக் காட்டப்படும்போது நிபுணர் கருத்து பெறப்படும். இருவரும் ஒத்த கருத்தினராயினும், 'திருமணப் பிணைப்பின் பாதுகாவலர்' என்ற அதிகாரி திருமணத்துக்கு ஆதரவான வாதங்களை முன்வைப்பார்.

போப் பிரான்சிஸின் ஆணைப்படி, இரு மன்றங்கள் ஒத்த தீர்ப்பளிக்க வேண்டும் என்ற விதி 2015 டிசம்பர் 8 முதல் நீங்கியது. இருவரும் இசைந்து, சான்றும் வெளிப்படையாக இருந்தால் ஆயரே சுருக்க முறையில் தீர்ப்பளிக்கலாம்.

எனினும் இந்தியச் சட்டத்தின் முன் இத்தீர்ப்பு திருமணத்தை ரத்து செய்யாது. திருச்சபை மன்றத் தீர்ப்பை மட்டும் நம்பி மறுமணம் செய்த பெண்ணின் இரண்டாம் திருமணம் செல்லாது என உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறியது. திருச்சபைத் தீர்ப்புகளுக்குச் சட்ட அங்கீகாரம் கோரிய பொதுநல மனுவையும் 2017 ஜனவரி 19-இல் தள்ளுபடி செய்தது. ஆகவே மறுமணத்துக்கு முன், 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின்கீழ் நீதிமன்ற ஆணையும் பெற வேண்டும்; தவறினால் இருதார மணக் குற்றச்சாட்டு எழக்கூடும்.