பாக்கெட் இல்லாத சட்டை

வாக்கர் பிடித்து நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அலுமினியக் குழாய். நாலு கால். காலுக்கு ஒரு ரப்பர் புஷ். மேலே இரண்டு கைப்பிடி. இரண்டையும் இறுக்கிப் பிடித்தால்தான் நடை. ஒரு கையை விட்டால் ஆள் சாய்ந்துவிடுவார். சரி, அப்படி நடக்கிறவர் தன்னுடைய மூக்குக் கண்ணாடியை ஹாலிலிருந்து படுக்கையறைக்கு எப்படி எடுத்துப் போவார்?

முடியாது. யாரையாவது கூப்பிட வேண்டும். அதான் பதில்.

பற்று வரவு சமாசாரம்தான் இதுவும். கால் கணக்கில் ஒரு வரவு வைத்தால், கை கணக்கில் ஒரு பற்று விழுந்துவிடுகிறது. நடக்க முடிகிறது. ஆனால் ஒரு மாத்திரை அட்டையைக்கூடத் தூக்கிக்கொண்டு நடக்க முடிவதில்லை. இந்தக் கணக்கை நேர் செய்யப் பெரிய விஞ்ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. வாக்கரின் முன் கம்பியில் தொங்கவிட, வீட்டிலேயே தைத்த ஒரு துணிப் பை போதும்.

சாதாரணப் பைதானே என்று நினைத்துவிடக் கூடாது. இதற்குப் பாட்டி முறை ஆகக்கூடிய ஒரு பை, முதல் உலகப் போரில் இங்கிலாந்தையே ஊசியும் நூலுமாக உட்கார வைத்திருக்கிறது.

1916, ஜூலை 1. பிரான்ஸில் சோம் யுத்தத்தின் முதல் நாள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படைக்கு ஏற்பட்ட சேதம் 57,470 பேர். அதில் இறந்தவர்கள் 19,240. மிச்சப் பேரில் பெரும்பாலானவர்கள் காயம்பட்டவர்கள். ஸ்ட்ரெச்சரில் தூக்கி, ரயிலில் ஏற்றி, கப்பலில் கடத்தி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாற்றிக்கொண்டே போவார்கள். போன உடனே முதல் வேலை, ரத்தமும் சேறும் பேனுமாக இருக்கும் யூனிஃபார்மைக் கழற்றுவது. கழற்ற வரவில்லையா? கத்தரியால் வெட்டி எடு.

அங்கேதான் பிரச்னை. யூனிஃபார்ம் போனால் பாக்கெட் போச்சு. பாக்கெட் போனால் மனைவியின் கடிதம் போச்சு. குழந்தையின் போட்டோ போச்சு. கைக்கடிகாரம், பைப், பென்சில் எல்லாம் கோவிந்தா. போர்முனையில் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்தவன், ஆஸ்பத்திரிக் கட்டிலில் தனக்கென்று ஒரு பொருள்கூட இல்லாமல் கண் விழித்தான்.

இதைக் கவனித்தவர் ஒரு ராணுவத் தளபதியின் மனைவி. பெயர் ஆலிவ் ஸ்மித் டோரியன். ஒன்றுமில்லை, ஆளுக்கு ஒரு துணிப் பை கொடுத்தால் போதும், இருக்கிற சாமானை அதில் போட்டுக் கட்டிலில் மாட்டிக்கொள்ளட்டும் என்றார். இதற்கென்றே ஒரு நிதி ஆரம்பித்தார். நாடு முழுக்கப் பெண்களிடம் வேண்டுகோள் போனது. சளைக்காமல் தைத்துத் தள்ளினார்கள். திரைச்சீலைத் துணி, பூப்போட்ட துணி, கையில் கிடைத்ததெல்லாம் பையாக மாறியது. போர் முடிவதற்குள் பல லட்சம் பைகள் போய்ச் சேர்ந்தன. இத்தனைக்கும் அவர் கணவர் ஜெனரல் ஹொரேஸ் ஸ்மித் டோரியனை, மேலதிகாரியோடு ஏற்பட்ட மோதலில், 1915 மே மாதமே படைத் தலைமையிலிருந்து தூக்கிவிட்டார்கள். தளபதிக்கு நாற்காலி போனது. அம்மாவின் பை மட்டும் நிற்கவில்லை. பின்னாளில் லண்டனின் ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க், அதாவது ராஜாங்கத் தையல் பள்ளி, அவரைத் தலைமைப் பொறுப்பில் உட்கார வைத்துக்கொண்டது.

இன்னொரு கூத்தும் உண்டு. கொஞ்சம் தேறி எழுந்து உட்காருகிற சிப்பாய்களுக்கு பிரிட்டிஷ் ராணுவம் ஓர் ஆஸ்பத்திரி உடுப்பு கொடுத்தது. நீல நிற கோட்டு, பேன்ட். வெள்ளைச் சட்டை. சிவப்பு டை. ஆளுக்கும் அளவுக்கும் சம்பந்தமே இருக்காது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த உடுப்பில் பாக்கெட்டே கிடையாது! அந்தப் போரில் கையையோ காலையோ இழந்த பிரிட்டிஷ் வீரர்கள் 41,000 பேருக்கு மேல். கால் போனவனின் இரண்டு அக்குளிலும் ஊன்றுகோல். கையும் காலி இல்லை, பாக்கெட்டும் இல்லை. ஒரு சிகரெட்டை எங்கே வைப்பான்? ஒரு துணிப் பை அவனுக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று இப்போது புரிகிறதா?

போர் போனது. இன்னொரு போரும் வந்து போனது. 1949-ல், மான்செஸ்டரை ஒட்டிய ஸ்ட்ரெட்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் கிரிப்ஸ் ராப் என்பவர், நடப்பதற்கு உதவும் ஒரு சட்டத்துக்கு பிரிட்டனில் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அமெரிக்கக் காப்புரிமை 1953-ல் கிடைத்தது. இன்று நாம் பார்க்கிற வாக்கரின் சாயல், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ஸ்மித் 1970-ல் காப்புரிமை வாங்கிய மாடலில் வந்துவிட்டது. எல்லாருமே காலைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள்.

கையையும் தோளையும் பற்றி யோசிக்க, நடக்க முடியாத ஒருத்தரே வரவேண்டியிருந்தது. ஸ்வீடனைச் சேர்ந்த ஐனா விஃபால்க். நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, 21 வயதில் போலியோ தாக்கியது. சமூக சேவகியாக வேலை பார்த்தார். வருடக்கணக்கில் ஊன்றுகோல் பிடித்துத் தோள்பட்டை தேய்ந்துபோனது. தூக்கித் தூக்கி வைக்காமல் தள்ளிக்கொண்டே போகிற மாதிரி, சக்கரம் வைத்த ரோலேட்டரை 1978-ல் உருவாக்கினார். காப்புரிமை வாங்கவில்லை. நிறையப் பேருக்குப் போய்ச் சேரட்டும் என்று விட்டுவிட்டார். இன்றைய ரோலேட்டர்களில் பிரேக் உண்டு. உட்கார சீட் உண்டு. சாமான் வைக்கக் கூடையும் உண்டு.

ஆனால் நம் வீடுகளில் அதிகம் புழங்குவது நாலு கால் வாக்கர்தான். அதில் கூடை கிடையாது. ஆகவே, தையல் மெஷினைத் தூசு தட்டுங்கள்.

முதலில் முன் கம்பியின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். அதைவிட ஓரிரு அங்குலம் குறைவாகத் துணி வெட்டவேண்டும். காடா துணியோ, பழைய ஜீன்ஸோ நன்றாக உழைக்கும். பொதிமூட்டை மாதிரி கம்பியின் இரண்டு பக்கமும் தொங்கினால் கனம் ஒரே பக்கம் இழுக்காது. மேலே வெல்க்ரோ பட்டி வைத்தால், வாக்கரை மடிக்கும்போதும் துவைக்கும்போதும் சட்டென்று கழற்றிவிடலாம். தொங்கும் நாடா எதுவும் வேண்டாம். காலில் சிக்கினால் கதை கந்தல். பை முழங்காலில் இடிக்கக் கூடாது. முக்கியமாக, கனம் கூடாது. ஒவ்வொரு அடிக்கும் வாக்கரைத் தூக்கி வைக்கவேண்டும் அல்லவா? கண்ணாடி, செல்போன், மாத்திரை, கர்சீப், சின்னதாக மூடி போட்ட தண்ணீர் பாட்டில். அவ்வளவுதான். காய்கறி வாங்க அது மஞ்சப் பை இல்லை.

எத்தனை பாக்கெட், எது எங்கே என்பதை மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வாக்கர் பிடிப்பவரிடம் கேளுங்கள். அம்மாவுக்கு வெற்றிலைப் பெட்டிக்கு ஓர் இடம் வேண்டியிருக்கும். அப்பாவுக்கு டிரான்சிஸ்டருக்கு. அந்த நீல உடுப்பை வெட்டிய ராணுவத் தையல்காரர்கள், போட்டுக்கொள்ளப் போகிறவனை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நிச்சயம் ஒரு பாக்கெட்டாவது வைத்திருப்பார்கள்.