நிரையும் நிரலும்

அட்டவணை ஒன்றைக் கண்டால் இடமிருந்து வலமாகப் படித்துச் செல்வது நம் கண்களின் வழக்கம். மேலிருந்து கீழாகவும் அது ஒரு செய்தியைக் கூறுகிறது என்பதைப் பலவேளைகளில் மறந்துவிடுகிறோம். கிடையாகச் செல்வது நிரை. நெடுக இறங்குவது நிரல். இவ்விரண்டின் வேற்றுமையை இரசாயன சாஸ்திரத்தின் சரித்திரம் நமக்கு நன்கு விளக்குகிறது.

1869-ஆம் ஆண்டில் ருஷ்யப் பேராசிரியர் மெண்டலீவ், அன்று அறியப்பட்டிருந்த 63 தனிமங்களை அணு எடையின் ஏறுமுகமாக அடுக்கினார். முதல் அட்டவணையில் எடை மேலிருந்து கீழே ஏறிச் சென்றது. குணம் ஒத்தவை கிடையாக நின்றன. 1871-இல் அவரே அதைத் திருப்பி அமைத்தார். எடையின் ஒழுங்கு நிரைக்கு உரியதாயிற்று. குணத்தின் உறவு நிரலுக்கு உரியதாயிற்று. இன்றும் நாம் பின்பற்றுவது இம்முறையையே.

இவ்விரு நியதிகளும் ஓரிடத்தில் முரண்பட்டன. டெல்லூரியத்தின் எடை 128. அயோடினின் எடை 127. எடையை மட்டும் நோக்கினால் அயோடின் முந்த வேண்டும். ஆனால் அயோடின் குளோரின், புரோமின் ஆகியவற்றின் இனம். மெண்டலீவ் உறவையே பெரிதெனக் கொண்டு, டெல்லூரியத்தை முன்னே வைத்து, அதன் எடைக்கு அருகில் வினாக்குறி இட்டார். எடையை அளந்ததில் பிழை இருக்கலாம் என்பது அவர் எண்ணம்.

ஆளில்லாத கட்டங்களையும் அவர் வெறுமையாகவே விட்டுவைத்தார். அலுமினியத்தை அடுத்து அதே நிரலில் வரவேண்டியதற்கு, 'ஒன்று' எனப் பொருள்படும் வடசொல்லைச் சேர்த்து, 'ஏக அலுமினியம்' என்று பெயரிட்டார். அதன் எடை ஏறத்தாழ 68 என்றார். 1875-இல் பிரான்சு நாட்டில் காலியம் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 69.7. முதலில் அதன் அடர்த்தி 4.7 என்றனர். 5.9-க்குக் குறையாது என மெண்டலீவ் எழுதினார். மீண்டும் அளந்தபோது 5.9 என்றே வந்தது. 1879-இல் ஸ்காண்டியமும் 1886-இல் ஜெர்மானியமும் தத்தம் கட்டங்களில் வந்து அமர்ந்தன.

டெல்லூரியத்தின் எடையில் மட்டும் பிழை காணப்படவில்லை. 1913-இல் ஆங்கில விஞ்ஞானி மோஸ்லி, எக்ஸ் கதிர்களின் துணைகொண்டு, தனிமங்களின் ஒழுங்குக்கு அடிப்படை எடையன்று, அணு எண்ணே என்று காட்டினார். டெல்லூரியம் 52, அயோடின் 53. மெண்டலீவ் கூறிய காரணம் தவறு. அவர் வைத்த இடமோ சரி. நிரையின் அளவுகோல் பிழைபட்டபோது நிரலின் உறவே அவரைக் காத்தது.

ஆதலின், எந்த அட்டவணையைக் கண்டாலும் இரு கேள்விகளை எழுப்புவோமாக: கிடையாகச் சென்றால் எது மாறுகிறது? நெடுக இறங்கினால் எது ஒத்திருக்கிறது? இவ்விரண்டுக்கும் விடை கண்டால், வெற்றுக் கட்டமும் நம்மோடு பேசும்.