ஓர் உடுக்குறியின் வரலாறு: தலசீமியாவும் இதயத்தில் படியும் இரும்பும்

மொழியியல் படித்தவர்களுக்கு உடுக்குறி நன்கு பழகிய ஒன்று. வரலாற்று மொழியியலில் ஒரு சொல்லின் தலையில் அதை இட்டால், அச்சொல் எந்த ஆவணத்திலும் கிடைக்காத, மீட்டுருவாக்கப்பட்ட வடிவம் என்று பொருள். தொடரியலில் இட்டால், அத்தொடர் இலக்கணத்துக்குப் பொருந்தாதது என்று பொருள். இரண்டிலும் ஏதோ ஒன்று இல்லை என்பதையே அது சொல்கிறது. சென்ற ஆண்டு, என்னுடன் ஆய்வு செய்யும் தோழி ஒருவரின் எம்.ஆர்.ஐ. அறிக்கையில் அதே குறியைக் கண்டேன். ‘இதயம், டி2*: 14 மில்லிவிநாடி’ என்று ஒரு வரி. பிறந்த ஏழாம் மாதத்திலிருந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொண்டு வாழ்பவர் அவர். அந்த வரியைப் புரிந்துகொள்ளத் தொடங்கிய தேடலே இக்கட்டுரை. நான் மருத்துவன் அல்லன். துறைசார்ந்தோர் பிழை கண்டால் திருத்துக.

பெயரிலிருந்து தொடங்குவது என் துறையின் வழக்கம். 1925இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி, பெர்ல் லீ என்பவருடன் சேர்ந்து, கடும் சோகையும் வீங்கிய மண்ணீரலும் எலும்பு மாற்றங்களும் கொண்ட சில குழந்தைகளைப் பற்றி எழுதினார். தொடக்கத்தில் கண்டறியப்பட்ட குழந்தைகளிற் பலர் இத்தாலிய, கிரேக்கக் குடும்பத்தினர். ஆகவே 1930களில் விப்பிளும் பிராட்ஃபோர்டும் நோய்க்குக் கடலின் பெயரைச் சூட்டினர்: ‘தலஸ்ஸா’ என்றால் கிரேக்கத்தில் கடல், அவர்கள் மனத்தில் இருந்தது மத்தியதரைக் கடல். (அச்சொல்லே கிரேக்கத்துக்கு முற்பட்ட ஏதோவொரு மொழியிலிருந்து வந்தது என்று சொற்பிறப்பியலாளர் கருதுவது தனிக் கதை.) பெயர் நிலைத்தது, அது காட்டிய நிலப்படம் தவறாயிற்று. 1938இலேயே கல்கத்தாவிலிருந்து முகர்ஜி என்ற மருத்துவர் இந்நோயைப் பதிவு செய்தார். சிந்தி, பஞ்சாபி, குஜராத்திச் சமூகங்கள் சிலவற்றிலும் வங்காளத்திலும் இதன் மரபணு பரவலாக உள்ளது. இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் தலசீமியா மேஜருடன் பிறப்பதாக மதிப்பிடுகின்றனர்.

தமிழிலும் ஒரு சொல் இடறுகிறது. ‘இரத்தச்சோகை’ என்றதும் நம் வீடுகளில் முருங்கைக்கீரை, பேரீச்சை, அரசு மருத்துவமனையின் இரும்புச்சத்து மாத்திரை ஆகியவையே நினைவுக்கு வரும். சோகை என்றால் இரும்புக் குறைவு என்ற பொருள் அச்சொல்லில் ஊறிக் கிடக்கிறது. தலசீமியாவில் நிலைமை நேர்மாறானது. ஏற்றப்படும் ஒவ்வோர் அலகு இரத்தத்திலும் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இரும்பு உள்ளது. நம் உடல் நாளொன்றுக்கு இழப்பதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். மிகையான இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழியே இல்லை. ஆகவே உயிர்காக்கும் இரத்தமே ஆண்டுக்கு ஆண்டு கல்லீரலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் இறுதியில் இதயத் தசையிலும் இரும்பாகப் படிகிறது. இதை விளக்க என் தோழியின் தாயார் உறவினரிடம் எத்தனை முறை போராடியிருப்பார் என்பதை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இரத்தம் ஏற்றுதல் முறைப்பட்ட பிறகு, குழந்தைகள் சோகையால் இறப்பது குறைந்தது. பதின்ம வயதிலும் இருபதுகளிலும் இதயம் செயலிழந்து இறந்தனர். 1964இல் மேரி ஆலன் எங்கலும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்த இறுதிக் காலத்தை விரிவாகப் பதிவு செய்தது. இதயச் செயலிழப்பு தொடங்கியபின் பலருக்கும் எஞ்சியவை சில மாதங்களே. அதே பத்தாண்டில் இரும்பைப் பிணைத்து வெளியேற்றும் டெஸ்ஃபெரியாக்சமின் வந்தது. 1970களின் பிற்பாதியிலிருந்து அதைச் சிறு பம்பின் மூலம் இரவெல்லாம் தோலுக்கடியில் செலுத்தினர். மருந்து இருந்தது. யாருடைய இதயத்துக்கு அது உடனடியாகத் தேவை என்பதை அறியத்தான் வழியில்லை.

கிடைத்தவை எல்லாம் மறைமுகச் சான்றுகள். இரத்தத்தில் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தனர். காய்ச்சலோ அழற்சியோ வந்தாலும் அது ஏறும். கல்லீரலில் ஊசியிட்டுத் திசு எடுத்தனர். அது கல்லீரலைப் பற்றிச் சொல்லும். இதயத் திசுவையே எடுத்தாலும், இரும்பு சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக இருப்பதால் ஒரு துணுக்கை நம்ப முடியாது. எக்கோ பரிசோதனை இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது என்பதைக் காட்டும். ஆனால் அது தளர்வதற்குள் இரும்பு வெகுவாகச் சேர்ந்துவிட்டிருக்கும். கல்லீரல் நன்றாயிருந்தால் இதயமும் நன்றாயிருக்கும் என்ற அனுமானத்தின் மேல் ஒரு தலைமுறையின் சிகிச்சை நடந்தது.

இங்கேதான் உடுக்குறி நுழைகிறது. காந்தப்புலத்தில் கிளர்த்தப்பட்ட ஹைட்ரஜன் அணுக்கருக்களின் சமிக்ஞை சிறிது நேரத்தில் தேய்ந்து மறையும். திசுவின் இயல்பால் நேரும் தேய்வுக் காலம் டி2. உண்மையில் காந்தப்புலம் எங்கும் ஒரேசீராக இராததால் சமிக்ஞை இன்னும் விரைவாகத் தேயும். அந்தக் குறுகிய காலத்துக்குத்தான் உடுக்குறி இட்டு டி2* என்றனர். இயற்பியலாளர்க்கு இது ஒரு தொல்லை. 1950இல் எர்வின் ஹான் கண்டறிந்த ‘சுழல் எதிரொலி’ உத்தி, புலத்தின் இந்தச் சீரின்மையை ஈடுசெய்து விலக்க உதவியது. ஆனால் திசுவில் படிந்த இரும்புத் துகள்கள் செய்வதும் இதுவே: தம்மைச் சுற்றிச் சிறுசிறு புலச் சீரின்மைகளை உண்டாக்குகின்றன. இரும்பு கூடக்கூட டி2* குறையும். விலக்க வேண்டிய தொல்லையே அளவுகோலாயிற்று.

2001இல் இலண்டனின் ராயல் பிராம்ப்டன் மருத்துவமனையில் லிசா ஆண்டர்சன், டட்லி பென்னல் குழுவினர் இதயத்துக்கு இம்முறையைப் பயன்படுத்தி வெளியிட்ட கட்டுரை ஒரு திருப்புமுனை. இயல்பான இதயத்தில் 40 மில்லிவிநாடியை ஒட்டி இருக்கும் அளவு 20க்குக் கீழே இறங்கும்போது, இடது கீழறையின் இயக்கம் படிப்படியாகத் தளர்வதைக் கண்டனர். அதைவிட அதிர்ச்சி தந்தது மற்றொரு முடிவு: இதயத்தின் அளவுக்கும் ஃபெரிட்டினுக்கும், இதயத்துக்கும் கல்லீரலுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு தெரியவில்லை. மருந்து கொடுத்தால் கல்லீரல் விரைவில் இரும்பை விடுகிறது, இதயம் மெல்லத்தான் விடுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 2009இல் 652 நோயாளிகளை ஆராய்ந்தபோது, ஓராண்டுக்குள் இதயச் செயலிழப்புக்கு ஆளானோரில் 98 விழுக்காட்டினரின் அளவு 10க்குக் கீழ் இருந்தது.

ஆயினும் மில்லிவிநாடி என்பது காலத்தின் அலகு. இரும்பின் எடை அன்று. ஒன்றை மற்றொன்றாகப் பெயர்க்க அகராதி வேண்டும். 2011இல் அதைத் தந்தவை 12 மனித இதயங்கள். தொடர்ந்து இரத்தம் ஏற்றிக்கொண்டு வாழ்ந்தவர்கள் இறந்தபின்போ, மாற்று இதயம் பெற்றபோதோ எடுக்கப்பட்டவை அவை. அவற்றைப் படமெடுத்து, பின் துண்டுகளாக்கி, இரும்பை வேதியியல் முறையில் அளந்து ஒப்பிட்டனர். இன்று ஓர் அறிக்கையில் ஓர் எண் அச்சாகும்போது அதன் பின்னே அந்தப் பன்னிருவர் இருக்கின்றனர்.

2000க்குப் பின் பிரித்தானியாவில் இதய இரும்பால் நேரும் இறப்பு பெருமளவு குறைந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. படிமத்துக்கே முழுப் புகழையும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வாய்வழி மருந்துகளும் அக்காலத்தில்தான் பரவின. ஆனால் எந்த மருந்து இதயத்தை நன்கு துப்புரவாக்குகிறது என்ற கேள்விக்கு விடை தந்தது படிமமே. 2006இல் பென்னல் குழுவினரின் ஒப்பீட்டு ஆய்வில், இதய டி2* அளவை உயர்த்துவதில் டெஃபெரிப்ரோன் மாத்திரை பழைய ஊசிமருந்தை விஞ்சியது. இந்த மாத்திரைக்கு முதலில் ஒப்புதல் தந்த நாடு இந்தியா, 1990களின் நடுவில். ஐரோப்பா 1999இல் தந்தது, அமெரிக்கா 2011இல். வெள்ளணுக்கள் திடீரெனக் குறையும் ஆபத்தோடு அதை நம் நோயாளிகள் உட்கொண்டுவந்தபோது, இதயத்தில் அது என்ன செய்கிறது என்று காட்டும் முறை எங்குமே நிலைபெற்றிருக்கவில்லை.

அரிவாள் செல் நோயை இதோடு குழப்பிக்கொள்ளலாகாது. 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே லேமனும் கட்பஷும் இந்தியாவில் முதன்முதலாகப் பதிவு செய்த அந்நோயில், இதயத்தில் இரும்பு படிவது அரிது. நுரையீரல் தமனி அழுத்தமும் இதயம் தளர்ந்து விரிவதில் நேரும் குறையுமே அதில் முதன்மை. அங்கு எக்கோவின் பயன் மிகுதி. 2023இல் நடுவணரசு தொடங்கிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் ஏழு கோடிப் பேரைப் பரிசோதிக்க இலக்கு வைத்தது. நோயாளியைக் கண்டறியும் பரிசோதனை வேறு. கண்டறிந்தபின் ஆண்டுதோறும் அவர் இதயத்தைப் பார்ப்பது வேறு. தலசீமியாவும் அரிவாள் செல் நோயும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றன. அந்த இரண்டாவது வேலைக்கு இன்னும் முறையான ஏற்பாடு தேவை.

டி2* அளவிடச் சாயம் ஏற்ற வேண்டியதில்லை. 1.5 டெஸ்லா கருவி, அதற்குரிய மென்பொருள், படித்துச் சொல்லத் தெரிந்த ஒருவர், மூச்சை அடக்கும் சில நொடிகள் போதும். என் தோழிக்கு அது முதன்முதலாகச் செய்யப்பட்டபோது வயது 26. அதுவரை சிகிச்சை பெற்ற இடத்தில் ஃபெரிட்டின் மட்டுமே பார்த்தார்கள். ‘கட்டுக்குள் இருக்கிறது’ என்றே ஒவ்வொரு முறையும் எழுதினார்கள். இப்போது மருந்தை மாற்றியிருக்கிறார்கள். அடுத்த படம் வரும் மார்ச்சில்.