வானத்தில் ஒரு முழங்கால்

தலைப்பைப் பார்த்துட்டு முட்டி வலிக்கு மருந்து கேட்டு வந்துடாதீங்க. இது வேற முழங்கால்.

பூமிக்கு மேலே பல ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்கள், ஒரு மெல்லிய உறை மாதிரி நம்மோடு சேர்ந்தே சுற்றுகிறது. போகப் போக அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து மறைந்துவிடும் என்றுதான் அன்றைக்குப் பலரும் நினைத்தார்கள்.

1959. சோவியத் யூனியனின் லூனா 1, லூனா 2 நிலவை நோக்கிக் கிளம்பின. அயனிகளைப் பிடித்து அளக்கும் கருவிகளை அவற்றில் வைத்தவர் கான்ஸ்டான்டின் கிரிங்கவுஸ். சுமார் 20,000 கிலோமீட்டர் வாக்கில் அளவு சட்டென்று விழுந்தது. பலர் நம்பவில்லை. எங்க தொழில்லயும் இதே கதைதான். எதிர்பாராத ரிசல்ட் வந்தா முதலில் சொல்வது, "லேப்ல தப்பு, மறுபடி எடுங்க."

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டின் டான் கார்ப்பென்டர் கையில் எடுத்தது வேறு வழி. கிட்டத்தட்ட ஸ்டெதாஸ்கோப் வைத்தியம். மின்னல் வெட்டும்போது எழும் ரேடியோ அலை, பூமியின் காந்தக் கோடு வழியாக விண்வெளிக்குப் போய் எதிர் அரைக்கோளத்தில் இறங்கும். வழியில் பிளாஸ்மா இருப்பதால் உயர்ந்த ஸ்தாயி முதலில் வரும், தாழ்ந்தது பிந்தி வரும். ஸ்பீக்கரில் கேட்டால் இறங்கிக்கொண்டே போகும் விசில். அந்த விசிலின் வடிவத்தை வைத்தே பிளாஸ்மா எவ்வளவு அடர்த்தி என்று கணக்குப் போடலாம்.

1963இல் அவரும் அதே சரிவைக் காட்டினார். வரைபடத்தில் கோடு மடங்கி விழுந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர்தான் 'முழங்கால்'. காந்தப்புயல் அடித்தால் அந்த மடிப்பு பூமியை நெருங்கி வருவதும் தெரிந்தது. வெளி அடுக்கைப் புயல் உரித்துக்கொண்டு போய்விடுகிறது.

ஸ்கேன் வந்தது 2000இல். நாசாவின் இமேஜ் செயற்கைக்கோள், ஹீலியம் அயனிகளின் புற ஊதா ஒளியில் முழு உறையையும் வெளியிலிருந்து படமெடுத்தது. உரிந்த பிளாஸ்மா வால் போல நீண்டு போவதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

2024 மே மாதப் பெரும்புயலை ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் அங்கேயே இருந்து அளந்தது. சுமார் 44,000 கிலோமீட்டர் உயரம் வரை இருந்த உறை, 9 மணி நேரத்தில் 9,600 கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. பழைய நிலைக்கு வர 4 நாளுக்கு மேல் ஆனது. இழந்ததைக் கீழே இருக்கும் அயனி மண்டலம்தான் நிரப்பணும், அதுவும் அந்தப் புயலில் அடிவாங்கிக் கிடந்தது. ரத்தம் போன நோயாளிக்கு எலும்பு மஜ்ஜையும் படுத்துவிட்ட மாதிரி.

கிரிங்கவுஸ் 1993இல் காலமானார். இந்த உறையைப் பற்றி அவரும் லெமேரும் எழுதிய புத்தகம் 1998இல்தான் வெளிவந்தது. அதற்குப் பங்களித்தவர்களில் கார்ப்பென்டரும் ஒருவர்.